காற்றுக்கு வைத்த சங்கு

கனவில் முதலில் வருவது சத்தம். டொக். சங்கொன்றை இரும்பு மூடியில் வைக்கிற சத்தம். அதற்குப் பின்னால்தான் பச்சை வரும். கொட்டியாரக் குடாவின் அடியில், வெயில் போய்ச் சேர்ந்து களைத்துப் படுத்திருக்கிற பச்சை. அதற்குள் முனீப் இறங்கிக்கொண்டே இருப்பான். கை இல்லை, கால் இல்லை, பாரம் இல்லை. பயமும் இல்லை, அதுதான் விசேஷம். ஓரங்களிலிருந்து வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி ஒரு தேங்காய்க் கண் அளவில் வந்து நிற்கும். காதுக்குள் மணி அடிக்கும். மேலுதடு தன்பாட்டில் துடிக்கும். அந்த நேரம் பார்த்து ரிஸ்லா தோளில் தட்டுவாள்.

"எழும்புங்க. தேத்தண்ணி ஆறிப்போகுது."

எழும்புவான். ஆனால் கனவு அவனைவிடச் சோம்பேறி, அது இலேசில் எழும்பாது. கிண்ணியாவில் அவன் வீட்டுக் குசினிக்குள் பட்டப்பகலில் கடல் முழங்கால்வரை வந்து நிற்கும். அலுமாரிக் கண்ணாடிக்குள் மீனொன்று திரும்பி அவனைப் பார்த்துவிட்டுப் போகும். ரிஸ்லா தண்ணீருக்குள் நடந்துபோய் அடுப்பை ஊதுவாள், அடுப்பும் எரியும். மூளை ஒருதரம் கலங்கியிருக்கிறது, தெளியக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சக் காலம் என்றால் எவ்வளவு என்பதை மட்டும் டொக்டர்மார் ஒருநாளும் சொல்லமாட்டார்கள்.

முனீபுக்குக் கனவில் வெறுப்பில்லை. இனிமேல் சங்கு குளிக்க இறங்கவே கூடாது என்று தடை போட்ட பிறகு, கடலே வீடு தேடி வருவது அவனுக்கு ஒரு மரியாதையாகத்தான் பட்டது. சிக்கலெல்லாம் அந்த முதல் சத்தத்தில் இருந்தது. அந்த டொக் உண்மையில் நடந்ததா, இல்லை அதுவும் கனவா? புதன்கிழமை திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் அவனிடம் அதைத்தான் கேட்கப்போகிறார்கள். 'வைத்தேன்' என்றால் நிக்கலஸ் அண்ணை சிறை மறியலுக்குப் போவார். 'வைக்கவில்லை' என்றால் வீட்டுக்குப் போவார்.

ஒரு சங்குக்காக மனிதரை மறியலில் போடுவார்களா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

துறைமுகப் பக்கத்தில் சங்கு குளிக்கிறவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்று அடைத்துக் கொடுப்பவர் நிக்கலஸ். கரையோரமாக ஒரு தகரக் கொட்டில், அதற்குள் இருமிக்கொண்டு நிற்கிற ஒரு பழைய கொம்பிரசர், அவ்வளவுதான் அவருடைய இராச்சியம். அங்கே காற்றுக்கு விலை பேசுவதில்லை. விலை பேசினால் மூச்சுக்கு விலை பேசினதாகிவிடும், மூச்சு கோபித்துக்கொள்ளும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. வேதக்காரர், சோனகர், சைவக்காரர் எல்லோரும் சேர்ந்து நம்பினார்கள். தேர்தலில்கூட ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அதனால் முதல்நாள் எடுத்ததில் நல்ல சங்காக ஒன்றைப் பையில் மிச்சம் பிடித்து வைத்திருந்து, அதைக் கொம்பிரசர் மூடியில் டொக்கென்று வைத்துவிட்டுத்தான் நிரப்பின சிலிண்டரைத் தொடுவார்கள். நிக்கலஸ் அதைக் காணாதவர்போல வேறு பக்கம் பார்ப்பார். சங்கு வைக்காமல் இறங்கினவன் என்று ஒருவனும் இல்லை. இருந்திருந்தால் அவன் மேலே வந்த கதையும் இல்லை என்பார்கள்.

சாதாரணக் காற்றுக்கு இந்த வழக்கம் எந்தச் சட்டத்தையும் உறுத்தவில்லை. வினை வந்தது வேறு காற்றால்.

அன்றைக்கு முனீப் அடியில் ஒரு சங்குக் கூட்டத்தைக் கண்டான். ஆசை கண்ணை மறைத்தது. காற்று முடியும்வரை கிடந்து பொறுக்கிவிட்டு அவசரமாக மேலே வந்தான். படகில் ஏறி ஒரு பீடியைப் பற்றவைக்க முன்னமே கழுத்துக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஆழத்திலிருந்து அவசரப்பட்டு வருகிறவனுக்கு இரத்தத்தில் குமிழி கட்டி உடம்பு விறைத்துவிடும். அதைத்தான் இவர்கள் "கடல் பிடிச்சிட்டுது" என்பது. மரக்கட்டைபோல அவனைக் கொண்டுவந்து நிக்கலஸின் கொட்டிலில் கிடத்தினார்கள்.

கடல் பிடித்தவனுக்கு இரண்டு வைத்தியம் நிக்கலஸுக்குத் தெரியும். ஒன்று கரைப் பழக்கம்: பிடித்தவனைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கி, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவது. மற்றது ஆஸ்பத்திரியில் கண்டது: முகத்தில் மூடி போட்டு ஒட்சிசன் கொடுப்பது. கொட்டிலின் மூலையில், சாக்கின் கீழே, கறுப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக ஒரு ஆஸ்பத்திரிச் சிலிண்டர் இருந்தது. மூடப்பட்ட ஏதோ ஒரு மருத்துவமனைச் சாமான் என்று கைமாறிக் கைமாறி வந்தது. அனுமதியில்லாமல் அதை வாங்கியதே குற்றம். வைத்திருந்தது இன்னொரு குற்றம். நிக்கலஸ் அதற்கு ஒரு குழாயை மாட்டி, முனீபின் முதுகுச் சிலிண்டரை ஒட்சிசனால் நிரப்பினார். ஒரு மருந்து நல்லதென்றால் இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நல்லது!

தேனும் மருந்து, நெய்யும் மருந்து, சம அளவு சேர்ந்தால் நஞ்சு என்று அவர் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பார். காற்றுக்கும் அப்படியொரு குணம் உண்டென்று அவருக்கு யார் சொன்னது? கரையில் உயிர் கொடுக்கிற ஒட்சிசன், கடலின் பாரத்துக்குக் கீழே வலிப்பைக் கொண்டுவரும். நிக்கலஸ் தன் முதுகில் சாதாரணக் காற்றோடு முனீபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பத்துப் பாகம், அறுபது அடி ஆழத்துக்கு இறங்கினார். அங்கேதான் வெளிச்சம் தேங்காய்க் கண்ணளவுக்குச் சுருங்கியது, மணி அடித்தது, உதடு துடித்தது. பிறகு வலிப்பு. நிக்கலஸ் ஒரு கையால் அவன் வாய்க்குழாயை அழுத்திப் பிடித்தபடி, பிடியை விடாமல் மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

கடற்படைக்காரரின் இரும்பு அறைக்குள் படுக்கவைத்து, கடலின் பாரத்தைக் கரையிலேயே அவன்மேல் ஏற்றி இறக்கி, டொக்டர்கள்தான் அவனைக் குணப்படுத்தினார்கள். முனீப் நடந்தான். உனக்கு என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டபோது அரை மயக்கத்தில் ஒன்றும் விடாமல் சொன்னான். மயக்கத்தில் பொய் சொல்ல யாரால் முடியும்? பொலிசும் மருந்துப் பரிசோதகரும் கொட்டிலுக்கு வந்தார்கள். வெள்ளைக் கழுத்தும் அகப்பட்டது, மூலையில் குவிந்திருந்த சங்குகளும் அகப்பட்டன.

ஊர் இதற்கிடையில் வேறு கதை கட்டிவிட்டது. மரக்கட்டையாகப் போனவன் எழுந்து நடந்தது நிக்கலஸின் வெள்ளைக் கழுத்துக் காற்றால்தான் என்பது ஊரின் தீர்ப்பு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா? அதைவிட மோசம், பிணையில் வெளியே வந்த நிக்கலஸும் அதை நம்பினார்.

வழக்குக்கு முந்தின கிழமை நிக்கலஸின் மனைவி எல்சி, பாலம் கடந்து கிண்ணியாவுக்கு வந்தார். ரிஸ்லா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். முனீப் பார்க்கையில் எல்சியின் செருப்பைச் சுற்றிக் கடல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவன் கண்ணைக் கசக்கினான், கடல் வடிந்தது.

"லோயர் விளங்கப்படுத்தினவ, முனீப்," என்றார் எல்சி. "வைச்சிருந்ததை இவர் ஒப்புக்கொண்டிட்டார். அதுக்குத் தண்டத்தோட விடக்கூடுமாம். ஆனால் வித்ததெண்டு வந்தால் மறியல்தானாம். கறுப்புச் சிலிண்டருக்கு நீங்கள் சங்கு வைச்சனீங்களோ எண்டு கேப்பினமாம். வைச்சால் அது வித்ததுதானாம்."

"சங்கு விலையில்லையே அக்கா."

"எங்களுக்கு இல்லை. கோட்டுக்கு அப்பிடியில்லையாம்."

முனீப் தயங்கினான். "அக்கா, நீங்களும் அண்டைக்குக் கொட்டில்ல நிண்டீங்கதானே. எனக்கு அந்தச் சத்தம் கேக்குது. கனவிலயும் கேக்குது, முழிச்சிருக்கேக்கயும் கேக்குது. நான் வெச்சனானா?"

எல்சி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கால் இழுபடும் சத்தம். றஊப். மூதூர்க்காரன், முனீபோடு சேர்ந்து சங்கு குளித்தவன். போன வருடம் கடல் அவன் இடது காலைப் பிடித்துவிட்டு, மற்றதைப் பெருந்தன்மையாக விட்டிருந்தது. எல்சியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அக்காவும் இஞ்சதானா! நல்லதாப் போச்சு. மச்சான், நிக்கலஸ் அண்ணை ஓமெண்டு சொல்லிட்டார். கேஸ் முடிஞ்ச மறுநாள் என்னை இறக்கிறாராம். புதுசா ஒரு வெள்ளைக் கழுத்துக்கும் ஆள் பாத்தாச்சாம்."

"பைத்தியமா உனக்கு?" முனீப் பாய்ந்து எழுந்தான். "அது மருந்தில்ல மச்சான், மவுத்து. என்னை நடக்க வெச்சது கடற்படைட அறை. கீழ நான் செத்துக்கொண்டிருந்தனான்."

றஊப் சிரித்தான். கோபமில்லாத, நம்பிக்கை ததும்புகிற சிரிப்பு. அதைப் பார்க்கத்தான் முனீபுக்குத் தாங்கவில்லை.

"நீ நடக்கிறாய். நான் இழுக்கிறன். உனக்கு லேசுதான் அப்பிடிச் சொல்ல."

எல்சி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். குடிக்கவில்லை. கணவர் கொடுத்த வாக்கு அவருக்கு அதுவரை தெரியாது என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. புறப்பட்டு வாசல்வரை போனவரிடம் முனீப் மறுபடியும் கேட்டான்.

"அக்கா, நான் வெச்சனானா?"

எல்சி திரும்பி றஊபின் காலைப் பார்த்தார். "உங்கட நினைவில என்ன இருக்குதோ, அதைச் சொல்லுங்கோ தம்பி," என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை பஸ்ஸில் முனீப் ஜன்னலோரம் இருந்தான். சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள்ளிருந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாக எட்டிப் பார்த்தன. அவனுக்கு அவையெல்லாம் பெரிய பெரிய சிலிண்டர்களாகவே தெரிந்தன. இந்தப் பூமியே அவற்றை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கோ இறங்குகிறதுபோல. நீதிமன்ற வாசலில் மான்கள் படுத்திருந்தன. ஒன்று யாரோ போட்ட கடதாசியைச் சாவதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது.

முதலில் கடற்படை டொக்டர் சாட்சி சொன்னார். ஆழத்தில் ஒட்சிசன் என்ன செய்யும் என்பதை அவர் பாடம் நடத்துவதுபோல நிதானமாகச் சொன்னார். இந்த மனிதன் உயிரோடு வந்தது அந்த வாயுவால் அல்ல, அந்த வாயுவையும் மீறித்தான் என்றார். முனீப் எதிரிக்கூண்டைப் பார்த்தான். நிக்கலஸின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளும் தான் காப்பாற்றினேன் என்று பெருமையோடு நிமிர்ந்திருந்த தலை. அதைப் பார்த்ததும் முனீபுக்கு அழுகை வந்தது. எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினான். கடலும் கூடவே ஏறியது.

இந்தமுறை அது முழங்காலில் நிற்கவில்லை. மேசைகளை மூடி, சட்டத்தரணிகளின் கறுப்பு அங்கிகளை மெல்ல ஆட்டி, நீதவானின் தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறிவரைக்கும் நிரம்பியது. வெயில் கண்ணாடி வழியாக இறங்கி நடுவழியில் பச்சையாகியது. எல்லோரும் அந்தப் பச்சைக்குள் அமைதியாக இருந்தார்கள். ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை. கேள்விகள் தூரத்திலிருந்து வந்தன. அவன் பதில்கள் குமிழிகளாக மேலே போயின. படகு, பீடி, விறைப்பு, கொட்டில், கறுப்புச் சிலிண்டர். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம்.

"அந்த வாயுவுக்காக நீர் சங்கு வைத்தீரா?"

பின்வரிசையில் றஊப் இருந்தான். சுவரோரமாக ஒரு காலை நீட்டி வைத்திருந்தான். டொக்டர் சொன்னது ஒன்றும் அவனுக்குள் இறங்கவில்லை. நாளைக்குக் கல்யாணம் உள்ளவன்போல முகம் அப்படியே பூரித்துக் கிடந்தது. வழக்கு எப்போது முடியும், எப்போது தன்னை இறக்குவார்கள் என்பது மட்டும்தான் அவன் கவலை.

முனீப் கண்ணை மூடினான். காதைத் தீட்டினான். பச்சைக்கு முந்தி, மணிக்கு முந்தி, எல்லாவற்றுக்கும் முந்தி இருந்தது அந்தச் சத்தம். டொக். கனவு இவ்வளவு சுத்தமாகவா சத்தம் போடும்? அது நடந்ததுதான். நடந்தேயிருக்க வேண்டும். நடக்காமல் இருந்தால்கூட... அந்த நினைப்பை அவன் முடிக்கவில்லை.

"வெச்சனான்," என்றான்.

நிக்கலஸின் சட்டத்தரணி விறுக்கென்று எழுந்தார். கெட்டிக்காரப் பெண், சுதர்ஷிகா என்று பெயர். "சாட்சியிடம் ஒரே ஒரு கேள்வி. கழுத்துக்குக் கீழே விறைத்துக் கிடந்த நீர், எந்தக் கையால்..."

"விடுங்கோ பிள்ளை."

நிக்கலஸ் பேசினார். எதிரிக்கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீதவானைப் பார்த்துச் சொன்னார்.

"வித்தனான் ஐயா. குற்றத்தை ஒப்புக்கொள்ளுறன்."

சுதர்ஷிகா திரும்பி அவரை முறைத்தார். விளங்கித்தான் சொல்கிறீரா என்று நீதவான் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நிக்கலஸ் ஓம் என்றார். ஒட்சிசன் காற்று அல்ல, மருந்து என்று நீதவான் சொன்னார்; எவ்வளவு, எவருக்கு, எங்கே என்று தெரியாதவர் கையில் அது கத்தி என்றும் சொன்னார். பிறகு தண்டமும் ஒரு வருட மறியலும் விதித்தார். அந்த வார்த்தையோடு கடல் ஒரே மூச்சில் வடிந்துபோய், நீதிமன்றம் வெறும் புழுதியும் வெக்கையுமாக நின்றது. பின்வரிசையில் றஊப் "அப்ப என்ட கால்?" என்று கேட்டான். யாரிடம் கேட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

வெளியே மறியல் பஸ் நின்றது. கைவிலங்கோடு நிக்கலஸைக் கொண்டுவந்தார்கள். முனீப் காவலரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவர் பக்கத்தில் போய் நின்றான்.  நிக்கலஸ்தான் முதலில் பேசினார்.

"உன்ட கை அண்டைக்கு அசையேல்லையடா, முனீப்."

முனீப் குனிந்து தன் கையைப் பார்த்தான்.

"சங்கு உன்ட பையுக்குள்ள கிடந்தது. நான்தான் எடுத்து மூடியில வைச்சனான். சங்கு வைக்காமல் உன்னை இறக்க எனக்குப் பயமாக் கிடந்தது." அவர் சிரிக்கப் பார்த்தார். "எனக்கு நானே வித்தனான் எண்டு வைச்சுக்கொள்ளன்."

"அண்ணை, இதை அங்க சொல்லியிருக்கலாமே! நான்... ஏன் அண்ணை?"

நிக்கலஸ் அவன் தோளுக்கு மேலால் பார்த்தார். படிக்கட்டில் றஊப் காலை இழுத்து இழுத்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"அவன் நாளைக்குக் கொட்டில் வாசலில வந்து நிப்பான். அழுவான். டொக்டர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கினதுதான். எண்டாலும் ஒருத்தன் முன்னால நிண்டு கேட்டால், எனக்கு ஏலாதெண்டு சொல்ல ஏலாது. பிறவிக் குணம்." காவலர் அவர் முழங்கையைத் தொட்டார். "மறியல் எனக்குப் பதிலாச் சொல்லட்டும்."

பஸ் போனது. மானொன்று எழுந்து வழி விட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அந்தக் கிழமை முழுக்க முனீப் சோறு இறங்காமல் கிடந்தான். பொய்ச்சாட்சி சொன்னவன் நான் என்று ஒரு நேரம் அழுதான். சத்தம் உண்மைதானே, கைதானே வேறு என்று மறுநேரம் தன்னையே ஆற்றினான். இரண்டும் மனதில் நிலைக்கவில்லை. கடைசியில் ரிஸ்லாதான், "இப்பிடிக் கிடந்து என்ன செய்யப்போறீங்க? போய் அந்த அக்காவப் பாருங்க," என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

கொட்டிலில் கொம்பிரசர் இருமிக்கொண்டிருந்தது. எல்சி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு யாரோ ஒருவருடைய சிலிண்டருக்குக் காற்று அடைத்துக்கொண்டிருந்தார். சாதாரணக் காற்று. மூலையில் கறுப்புச் சிலிண்டர் நின்ற இடம் கூட்டிச் சுத்தமாக இருந்தது.

"அக்கா, உங்களுக்குத் தெரியும். நான் வெக்கேல்ல எண்டு."

"ஓம்."

"அண்டைக்கு என்ட வீட்டில கேக்கேக்க ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்ணை இண்டைக்கு இஞ்ச நிப்பார்."

எல்சி கொம்பிரசரை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் கடலின் சத்தம் கேட்டது, இந்தமுறை வெளியே, அதன் இடத்தில்.

"அதைச் சொல்லத்தான் பாலம் கடந்து வந்தனான்," என்றார். "சொல்ல வாய் திறக்கேக்க றஊப் வந்தவன்." கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு வருசம் கழிச்சு எனக்கு என்ட மனிசன் திரும்பி வருவார், முனீப். ஒரு ஆளைக் கொலை செய்த மனிசனெண்டால் வீட்டில இருந்தும் திரும்பி வரமாட்டார்."

 முனீப் அடுத்த சிலிண்டரைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் வைத்தான். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் வந்து வைத்தான். றஊப் அந்த வழியால் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். மச்சான் என்று கூப்பிட்டாலும் நிற்கமாட்டான். அவன் கால் மணலில் ஒரு கோடு கிழித்துக்கொண்டே போகும். முனீப் அந்தக் கோட்டைக் கண்ணுக்கெட்டும்வரை பார்ப்பான். உயிரோடு இருக்கிறவனால்தானே கோபிக்கமுடியும் என்று நினைத்துக்கொள்வான். நினைத்தாலும் நெஞ்சு நோகும்.

கனவு இன்னும் வருகிறது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ரிஸ்லா குசினியில் பாத்திரம் கழுவுகிற நேரத்தில். முதலில் சத்தம், டொக். முன்பு அதோடு பச்சை வந்து மூடிவிடும். இப்போது அதற்கு முன்னால் ஒரு கை தெரிகிறது. கிறீஸ் படிந்த நகங்கள், பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. அது ஒரு சங்கை இரும்பு மூடியில் வைக்கிறது. வைத்துவிட்டு உடனே எடுத்துவிடாமல், அந்தச் சங்கின்மேல் ஒரு கணம் பொத்திக்கொண்டு நிற்கிறது.

"எழும்புங்க. தேத்தண்ணி ஆறிப்போகுது," என்று ரிஸ்லா தோளில் தட்டுகிறாள்.

"கொஞ்சம் பொறு," என்கிறான் முனீப், கண்ணைத் திறக்காமல்.